நடுவிரல் நகத்தில் ஓடும் விலங்கு

கோலார் தங்கவயலில் குதிரையைவிடக் குதிரைத்திறன்தான் அதிகம் புழங்கும் சொல். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அரை எச்.பி., அல்லது ஒரு எச்.பி. பெமல் தொழிற்சாலையில் உருவாகும் புல்டோசர் சில நூறு எச்.பி. அந்த எழுத்துகளுக்குள் ஒரு விலங்கு நின்றுகொண்டிருப்பது ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தோன்றியிருக்காது. மாட்டைத் தினமும் பார்க்கிறார்கள். குதிரையை எப்போதாவது ஒரு கல்யாண ஊர்வலத்தில் பார்த்திருப்பார்கள். இல்லையென்றால் தமிழ்நாட்டுச் சொந்த ஊருக்குப் போகும்போது அய்யனார் கோயில் வாசலில் சுடுமண் குதிரையாகப் பார்த்திருப்பார்கள். மாட்டைப் பார்த்துப் பழகிய கண், குதிரையைக் கொம்பில்லாத உயரமான மாடு என்று எடுத்துக்கொள்வது இயல்பு. இரண்டும் புல் தின்கின்றன, இரண்டுக்கும் குளம்பு உண்டு, இரண்டும் வண்டி இழுக்கின்றன. ஆனால் கால், வயிறு, தூக்கம் என்று எதை எடுத்தாலும் குதிரை வேறு வழியில் போன விலங்கு.

முதலில் அந்த எச்.பி. கணக்கு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரம் விற்றபோது, வாங்க வந்தவர்கள் அதுவரை குதிரைகளைச் செக்குமாடுபோல் சுற்றவிட்டு ஆலை ஓட்டியவர்கள். உங்கள் எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்பதுதான் அவர்களின் கேள்வி. வாட் குதிரைகள் வேலை செய்வதை அளந்து ஓர் எண்ணை நிர்ணயித்தார். இன்றைய அளவில் சொன்னால், ஏறத்தாழ 76 கிலோ எடையை, அதாவது ஒரு பெரிய அரிசி மூட்டையை, ஒரே நொடியில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேகமே ஒரு குதிரைத்திறன். இது சற்றுத் தாராளமான கணக்கு. நாள் முழுக்க இந்த வேகத்தில் உழைப்பது சாதாரணக் குதிரைக்கு முடியாத காரியம். ஆனால் சில நொடிகள் மட்டும் முழு மூச்சாக இழுத்தால், அதே குதிரை 15 குதிரைத்திறன் அளவுக்கே எட்டிவிடும். நல்ல உடல்வாகுள்ள ஒரு மனிதர் நாள் முழுக்க நீடித்துத் தரக்கூடியது ஒரு குதிரைத்திறனில் பத்தில் ஒரு பங்குதான்.

தங்கவயலுக்கு இந்த அலகு பழைய உறவு. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் எடுத்த மின்சாரம், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியே இவ்வூர்த் தங்கச் சுரங்கங்களுக்கு வந்தபோது, பேசப்பட்ட அளவு 4,000 குதிரைத்திறன். அதை உண்மையான குதிரைகளால் ஈடுகட்டப் பார்த்தால் என்ன ஆகும்? சுரங்கம் அப்போது இரவு பகலாக ஓடியது. குதிரை எட்டு மணி நேரத்துக்கு மேல் உழைக்காது. ஆக மூன்று ஷிப்டுக்கு 12,000 குதிரைகள் வேண்டும். ஒவ்வொன்றும் நாளைக்கு எட்டுக் கிலோ காய்ந்த தீவனம் தின்றால், தீவனம் மட்டும் 96 டன். மாரிக்குப்பத்திலிருந்து ராபர்ட்சன்பேட்டை வரை லாயமாகவே இருந்திருக்கும். சாணத்தை எங்கே கொட்டுவது என்பது தனிப் பிரச்சினை.

இனி விலங்குக்கு வரலாம். குதிரையைப் படத்தில் வரையும் பிள்ளை கட்டாயம் தடுமாறும் இடம் பின்னங்கால். நடுவில் ஒரு மூட்டு பின்பக்கமாக மடங்கியிருக்கும். முழங்கால் எப்படிப் பின்னோக்கி மடங்கும்? விடை எளிது: அது முழங்காலே இல்லை, குதிகால். உண்மையான முழங்கால் வயிற்றை ஒட்டி, மேலே, தோலுக்குள் மறைந்து கிடக்கிறது. முன்னங்காலிலும் இதே கதைதான். எல்லோரும் முழங்கால் என்று காட்டும் முன்மூட்டு குதிரையின் மணிக்கட்டு. முழங்கை நெஞ்சுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். உள்ளங்கையை மேசைமேல் தட்டையாக வைத்தால் அது கரடியின் பாதம். உள்ளங்கையைத் தூக்கி, விரல்களை மட்டும் ஊன்றினால் நாயின் பாதம். விரல்களையும் நிமிர்த்தி நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனி மட்டும் மேசையில் படும்படி வைத்தால் மாட்டின் பிளவுக் குளம்பு. கடைசியாக மோதிர விரலையும் எடுத்துவிட்டு, நடுவிரல் ஒன்றின் நக நுனியில் கையை நிறுத்தினால், அதுதான் குதிரையின் முன்னங்கால். 400, 500 கிலோ எடையுள்ள உடம்பு நான்கு நடுவிரல்களின் நுனியில் நிற்கிறது. குளம்பு என்பது அந்த விரலைச் சுற்றி வளர்ந்த நகம்.

நகம் என்பதால்தான் லாடம் அடிக்கும்போது குதிரைக்கு வலிப்பதில்லை. நம் விரல் நகத்தை வெட்டினால் வலிக்காது, நகக்கண்ணில் பட்டால் உயிர் போகும். லாடம் அடிப்பவரும் உணர்ச்சியற்ற வெளி ஓட்டில் மட்டும் ஆணி இறங்கும்படி கோணம் பார்த்து அடிக்கிறார். காளைக்கு லாடம் அடித்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும்: காளையின் ஒரு காலுக்கு இரண்டு தகடு, குதிரைக்கு வளைந்த ஒரே இரும்பு. குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, நகத்தைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. குளம்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தால் நடுவில் முக்கோணமாக, ரப்பர் போன்ற ஒரு மெத்தை தெரியும். கால் ஊன்றும்போது அது அதிர்ச்சியைத் தாங்குகிறது. குளம்புக்குள் இருக்கும் ரத்தம் மேலே ஏறவும் உதவுகிறது.

ஒற்றை விரலில் நிற்பதால் என்ன லாபம்? உலக்கையை நடுவில் பிடித்துச் சுழற்றுவது சுலபம். அதே உலக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு, பூண் உள்ள கனமான பக்கத்தை வீசுவதற்கு இரண்டு மடங்கு பாடுபட வேண்டும். கால் என்பதும் இடுப்பில் தொங்கி முன்னும் பின்னும் ஆடும் ஓர் உலக்கைதான். நுனியில் கனம் குறையக் குறைய வீச்சு வேகமாகும். குதிரைக் காலில் சதை முழுக்க மேலே, தோளிலும் தொடையிலும் குவிந்திருக்கிறது. அந்த மணிக்கட்டுக்கும் குதிகாலுக்கும் கீழே எலும்பும் தசைநாணும் தோலும் மட்டுமே. தசைநாண் என்பது தசையை எலும்போடு கட்டும் கயிறு. குதிரையில் அது நீண்டு, உண்டிவில் ரப்பர்போல் வேலை செய்கிறது. கால் தரையில் பதியும்போது இழுபட்டு, எழும்போது சுருங்கி உடம்பை முன்னே தள்ளுகிறது. அதனால் ஒவ்வோர் அடிக்கும் தசை புதிதாக உழைக்க வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. சதையில்லாத காலில் ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு முறிந்தால் எளிதில் கூடாது. ஒரு காலை ஊன்ற முடியாமல் போனால் முழு எடையும் மற்ற மூன்றில் விழுந்து, அந்தக் குளம்புகளும் கெடத் தொடங்கும். பந்தயக் குதிரைக்குக் கால் முறிவது பெரும்பாலும் அதன் முடிவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

நான்கு கால்களும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது நெடுங்காலம் தீராத வழக்காக இருந்தது. பழைய தமிழ் நூல்கள் குதிரையின் ஓட்டத்தை ஐங்கதி என்று ஐந்து வகையாகப் பிரித்தன. உலகெங்கும் ஓவியர்கள் முன்னங்கால்கள் முன்னேயும் பின்னங்கால்கள் பின்னேயும் நீண்டு, குதிரை காற்றில் பறப்பதுபோல் வரைந்தார்கள். கண்ணுக்கு அவ்வளவுதான் எட்டும். 1878இல் அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற ஒளிப்படக்காரர் ஓடுபாதையோரம் வரிசையாக கேமராக்களை நிறுத்தினார். ஒவ்வொன்றிலிருந்தும் பாதையின் குறுக்கே ஒரு நூல் சென்றது. குதிரையின் கால் நூலைத் தட்டியதும் அந்த கேமரா படமெடுத்தது. படங்களை வரிசையாக வைத்தபோது விடை கிடைத்தது: ஆம், ஒரு கணம் நான்கு குளம்புகளும் காற்றில் இருக்கின்றன. ஆனால் ஓவியர்கள் நினைத்தபடி கால்கள் நீண்டிருக்கும்போது அல்ல. நான்கும் வயிற்றுக்கடியில் ஒன்றாகக் கூடிச் சுருண்டிருக்கும்போது. பல நூற்றாண்டு ஓவியங்கள் ஒரே நாளில் பிழையாகிவிட்டன. அவற்றின் அழகு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

நான்குகால் பாய்ச்சலில் குறுகிய தூரத்துக்குப் பந்தயக் குதிரை மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். அப்போது அதன் மூச்சு காலோடு பூட்டப்பட்டிருக்கும்: ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு. வாயால் மூச்சு விடுவது குதிரையால் ஆகாது, நாய்போல் நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கவும் தெரியாது. எல்லாக் காற்றும் மூக்கு வழியேதான் போக வேண்டும். ஓடி நின்ற குதிரையின் நாசித்துளைகள் விரிந்து சுருங்குவது இதனால்தான். சூட்டைத் தணிக்க அதற்கு நம்மைப் போலவே வியர்வை உண்டு. கழுத்திலும் சேணம் உரசும் இடத்திலும் வெள்ளையாக நுரை தள்ளியிருப்பதைப் பார்ப்பவர்கள் சோப்புத் தண்ணீரோ என்று நினைக்கலாம். உண்மையில் அதன் வியர்வையில் சோப்புபோல் நுரைக்கும் ஒரு புரதம் இருக்கிறது. அடர்ந்த மயிரினூடே வியர்வை பரவி ஆவியாக அது உதவுகிறது.

பிள்ளைகள் கேட்கும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: குதிரை நின்றுகொண்டே தூங்குமா? தூங்கும், ஆனால் பாதித் தூக்கம்தான். மனிதர் நின்றபடி தூங்கினால் தசை தளர்ந்து சரிந்துவிடுவார். குதிரையின் பின்னங்காலில் ஒரு கொக்கி இருக்கிறது. முழங்கால் சில்லைச் சற்றே மேலே ஏற்றித் தொடை எலும்பின் மேட்டில் மாட்டிவிட்டால் கால் மடங்காது. கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல் நிற்கும். நிலைப்பூட்டு என்று இதற்குப் பெயர் வைக்கலாம். பூட்டிய காலுக்குத் தசையின் உழைப்பு மிகக் குறைவு. லாயத்தில் ஓய்வாக நிற்கும் குதிரையைக் கவனித்தால், ஒரு பின்னங்காலைத் தளர்த்திக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொட்டபடி இடுப்பைச் சாய்த்து நிற்கும். பூட்டுப் போட்டது மற்றக் கால். சிறிது நேரத்தில் கால் மாற்றிக்கொள்ளும்.

ஆனால் கனவு வரும் ஆழ்ந்த தூக்கத்தில் உடம்பின் தசைகள் எல்லாம் முற்றிலும் தளர்ந்துவிடும், அப்போது பூட்டும் போதாது. அதற்காகக் குதிரை தினமும் அரை மணி நேரமாவது படுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு மொத்தத் தூக்கமே சுமார் மூன்று மணி நேரம், அதுவும் துண்டு துண்டாக. கூட்டமாக இருக்கும்போது ஒன்று படுத்தால் இன்னொன்று நின்று காவல் காக்கும். தனியாக, பயத்தோடு இருக்கும் குதிரை பல நாள் படுக்காமலே இருந்துவிட்டு, ஒரு நாள் நின்றபடியே முழங்கால் தொய்ந்து விழப்போவதும் உண்டு.

இத்தனை எச்சரிக்கையும் ஓநாய்களுக்கும் பெரும்பூனைகளுக்கும் தப்பித்து வாழ்ந்த காலத்தின் மிச்சம். குட்டியும் அப்படித்தான். 11 மாதம் வயிற்றில் இருந்து பிறந்த குட்டி, ஓரிரு மணி நேரத்துக்குள் எழுந்து நின்று பால் குடிக்கும். அன்றே தாயோடு ஓடும். பிறப்பதற்கு முன் தாயின் வயிற்றைக் கிழிக்காமல் இருக்க, குட்டியின் குளம்பு நுனியில் மென்மையான நார் போன்ற உறை ஒன்று மூடியிருக்கும். நடக்கத் தொடங்கியதும் தேய்ந்து உதிர்ந்துவிடும்.

கண்ணின் அமைப்பும் ஓடித் தப்புவதற்காகவே. நிலத்தில் வாழும் பாலூட்டிகளிலேயே மிகப் பெரிய கண்களில் குதிரையின் கண்ணும் ஒன்று. தலையின் இரு பக்கத்திலும் அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலே சுற்றுவட்டம் முழுவதையும் ஏறக்குறைய பார்த்துவிடும். தெரியாத இடங்கள் இரண்டே: நேர் பின்னால், வாலுக்கு அப்பால்; நேர் முன்னால், நெற்றியை ஒட்டிய சிறிய இடம். குதிரையிடம் போகும் பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய முதல் பாடம் இதிலிருந்து வருகிறது. பின்பக்கமாகப் போகக் கூடாது, முகத்துக்கு நேராகவும் கையை நீட்டக் கூடாது. தோளுக்குப் பக்கவாட்டில், பேசிக்கொண்டே போக வேண்டும். தெரியாமல் பின்னால் வரும் எதுவும் அதற்குப் புலிதான். உதைத்துவிட்டுத்தான் யாரென்று பார்க்கும். தீனி கொடுப்பதென்றால் விரல்களைச் சேர்த்து உள்ளங்கையைத் தட்டையாக விரித்து அதன்மேல் வைக்க வேண்டும், ஏனென்றால் தன் மூக்குக்குக் கீழே இருப்பதைக் குதிரை பார்ப்பதில்லை. உதட்டாலும் மீசை மயிராலும் தடவித்தான் எடுக்கும். விரல் எது, கேரட் எது என்பது அதற்குச் சட்டென்று புரியாது.

ஜட்கா வண்டிக் குதிரையின் கண்ணோரத்தில் தோல் மறைப்பு கட்டுவதும் இதே காரணத்துக்காகத்தான். பக்கவாட்டில் வரும் பஸ்ஸையும் பின்னால் சுழலும் சக்கரத்தையும் அது ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தால் மிரளும். நிறத்தைப் பொறுத்தவரை நீலமும் மஞ்சளும் குதிரைக்கு நன்றாகத் தெரியும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கடினம். மனநிலையைக் கண்ணில் தேடுவதைவிடக் காதில் தேடுவது நல்லது. முன்னோக்கி நிமிர்ந்தால் ஆர்வம், ஒவ்வொரு காதும் ஒவ்வொரு பக்கம் திரும்பினால் எதையோ யோசிக்கிறது, இரண்டும் பின்னுக்குப் போய்த் தலையோடு ஒட்டிக்கொண்டால் எட்ட நிற்பதே மேல்.

வயிற்றுக்கு வந்தால் மாட்டோடு உள்ள உறவு முற்றிலும் அறுந்துபோகிறது. புல்லைச் செரிக்கும் திறன் எந்தப் பாலூட்டிக்கும் சொந்தமாகக் கிடையாது, நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். மாடு அவற்றை வயிற்றின் முன்பகுதியில் வைத்திருக்கிறது. அவசரமாக மேய்ந்ததை நான்கு அறை கொண்ட இரைப்பையில் ஊறவைத்து, வாய்க்குக் கொண்டுவந்து, படுத்தபடி அசைபோடுகிறது. குதிரை அசைபோடாது. அதன் இரைப்பை உடம்புக்குப் பொருந்தாத அளவு சிறியது. நுண்ணுயிர்கள் குடியிருப்பது கடைசியில், குருட்டுக்குடல் என்னும் பெரிய பையிலும் அதைத் தொடர்ந்த பெருங்குடலிலும். மனிதருக்கு அதே இடத்தில் இருப்பது ஒரு சிறு பையும் அதில் தொங்கும் குடல்வாலும்தான்.

மாட்டின் முறை சிக்கனமானது. ஒரு வாய்ப் புல்லிலிருந்து அதிகச் சத்தைப் பிழிந்தெடுக்கும். குதிரையின் முறை விரைவானது. சத்து கொஞ்சம் வீணானாலும் சரக்கு வேகமாக நகரும். ஆகவே மட்டமான புல்லாக இருந்தாலும் நிறையத் தின்று பிழைத்துக்கொள்ளும். நாளில் பாதிக்கு மேல் மேய்ந்துகொண்டே இருக்கும் பழக்கம் இதனால் வந்தது. சாணத்தை ஒப்பிட்டாலே விளங்கும்: மாட்டுச் சாணம் கூழ்போல், வறட்டி தட்ட வாகாக இருக்கும். குதிரைச் சாணம் உருண்டை உருண்டையாக, உடைத்தால் உள்ளே புல் நார் அப்படியே தெரியும்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம், குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக் குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசை வளையம் ஒருவழிக் கதவு. தவறான தீனியைத் தின்றுவிட்டால் அது வெளியே வராது. வயிறு உப்பி, வலியில் புரண்டு, உயிருக்கே ஆபத்தாகும். தீனி விஷயத்தில் குதிரைக்காரர்கள் காட்டும் கண்டிப்பு சும்மா வந்ததல்ல. கோலார் வட்டாரத்து மானாவாரி நிலத்தில் விளையும் கொள்ளு, கன்னடத்தில் ஹுருளி, ஊறவைத்தோ வேகவைத்தோ அளந்துதான் கொடுக்கப்பட்டது. ஆங்கிலேயர் அந்தப் பயற்றுக்குக் குதிரையின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

பல்லும் சொல்ல வேண்டிய ஒன்று. புல்லில் மணல்போன்ற சிலிக்கா இருக்கிறது, கூடவே மண்ணும் வாய்க்குள் போகும். அது பல்லை அரம்போல் தேய்க்கும். குதிரையின் கடைவாய்ப் பல் தாடைக்குள் மிக நீளமாகப் புதைந்திருந்து, தேயத் தேய ஆண்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே வந்துகொண்டே இருக்கும். பென்சிலைச் சீவச் சீவ எழுதுவது போலத்தான். தேய்ந்த முன்பல்லின் மேல்தளக் கோலத்தைப் பார்த்து வயதைச் சொல்லிவிடலாம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பார்த்தே தீர வேண்டும். ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் குதிரை வாங்குபவர் முதலில் வாயைத்தான் திறந்து பார்ப்பார். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இடையில் ஈறு மட்டுமே உள்ள வெற்றிடம் ஒன்று இருக்கும். கடிவாள இரும்பு பதிவது அங்கேதான். அந்த இடைவெளி மட்டும் இல்லாதிருந்தால் மனிதன் குதிரையை ஓட்டியிருப்பானா என்பது சந்தேகமே.

இந்த ஒற்றை விரலும் நீண்ட பல்லும் எப்படி வந்தன என்பதைச் சொல்வது புதைபடிவங்கள். ஏறத்தாழ 5.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரையின் மூதாதை நரியளவு விலங்கு. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று. காட்டில் இளந்தழை தின்றது, பல்லும் குட்டை. வட அமெரிக்கப் பாறை அடுக்குகளில் அடியிலிருந்து மேலே வர வர எலும்புகள் பெரிதாகின்றன, பக்க விரல்கள் சிறுக்கின்றன, பல் நீள்கிறது. காடு குறைந்து புல்வெளி பரவிய காலத்தோடு இது பொருந்துகிறது. இது நேர்கோட்டு வளர்ச்சி அல்ல. பல கிளைகள் பிரிந்து, மூன்று விரல் குதிரைகள் ஒற்றை விரல் குதிரைகளோடு பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்து, ஒன்றைத் தவிர மற்றவை அற்றுப்போயின. இழந்த விரல்களின் அடையாளம் இன்றும் இருக்கிறது. கால் எலும்பின் இரு பக்கமும் ஈர்க்குச்சிபோல் ஒட்டியிருக்கும் இரண்டு மெல்லிய எலும்புகள் அவை.

குதிரைக்கு உறவு மாடல்ல, காண்டாமிருகமும் டேபிர் என்ற விலங்கும்தான். உடல் எடையை நடுவிரல் தாங்கும் இந்தக் கூட்டத்தை ஒற்றைப்படைக் குளம்பிகள் என்பார்கள். இவை மூன்றும் பிரிவதற்கு முந்திய பொது மூதாதைக்கு மிக நெருங்கிய ஒரு விலங்கு இந்தியாவில், அதுவும் ஒரு சுரங்கத்தில், கிடைத்தது. குஜராத்தில் சூரத் அருகே உள்ள வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறத்தாழ 5.45 கோடி ஆண்டு பழைய அந்த எலும்புகள் அகப்பட்டன. காம்பே வளைகுடாவின் பெயரால் அதற்குக் கேம்பேதீரியம் என்று பெயர். இந்தியா அப்போது ஆசியாவோடு முழுமையாக ஒட்டாத நிலத்துண்டு. தங்கவயல் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயும் இப்படி ஒரு எலும்பைத் தரவில்லை, தரவும் முடியாது. இங்குள்ள பாறைக்கு வயது ஏறத்தாழ 270 கோடி ஆண்டு. அது உருவான காலத்தில் எலும்புள்ள உயிர் என்று ஒன்று உலகிலேயே இல்லை.

காட்டுக் குதிரையை மனிதன் எங்கே வசப்படுத்தினான் என்பதற்கு அண்மையில்தான் தெளிவான விடை வந்தது. 273 பழங்காலக் குதிரைகளின் எலும்பிலிருந்து மரபணுத் தொகுதியைப் படித்து, 2021இல் ஓர் ஆய்வுக் குழு முடிவை வெளியிட்டது. இன்றைய வீட்டுக் குதிரைகள் எல்லாம் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளின் கீழ்ப்பகுதிப் புல்வெளியில் தோன்றி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து வேகமாகப் பரவியவை. பரவியவற்றில் முதுகின் வலிமையோடும் சாதுவான குணத்தோடும் தொடர்புடைய இரண்டு மரபணுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. ஏறி உட்கார முதுகு, உட்காரவிடும் குணம் என்று இரண்டையும் மனிதன் தேடியிருக்கிறான்.

தமிழ்நாட்டுக்குக் குதிரை பெரும்பாலும் கடல் வழியாக வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பலில் வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. மாணிக்கவாசகரைப் பாண்டியன் பணத்தோடு அனுப்பியது குதிரை வாங்கத்தான். நரி பரியான கதைக்குப் பின்னால் இருக்கும் வணிகம் உண்மையானது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து பெரும் விலைக்கு வாங்கினான் என்றும், அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்துப்போயின என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை, இறைச்சி கலந்த சோற்றைத் தின்னக் கொடுத்தார்கள் என்பது அவர் சொன்ன காரணம். வாந்தி எடுக்க முடியாத, புல் நாருக்காகவே அமைந்த அந்த வயிற்றை நினைத்தால் நடந்ததை ஊகிப்பது கடினமல்ல.

உயரமான மைசூர்ப் பீடபூமி கடற்கரையைவிடக் குதிரைக்கு ஏற்ற நிலம். தங்கவயலுக்குப் பக்கத்துப் பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலியின் பலம் அவருடைய குதிரைப்படை. மகன் திப்பு சுல்தான் காலத்துக் குனிகல் குதிரைப் பண்ணை, பெங்களூருக்கு மேற்கே சுமார் 70 கிலோமீட்டரில், பிற்காலத்தில் பந்தயக் குதிரைகளை வளர்த்தது. 1824இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓசூரை அடுத்த மத்திகிரியில் ராணுவக் குதிரை வளர்க்கப் பண்ணை தொடங்கியது. நூறாண்டு கழித்து அது கால்நடைப் பண்ணையாக மாறி இன்றும் இயங்குகிறது. 1918 செப்டம்பர் 23 அன்று, இன்றைய இஸ்ரேலில் உள்ள ஹைஃபாவை ஜோத்பூர், மைசூர் ஈட்டிக் குதிரைப்படைகள் பிடித்தன. இயந்திரத் துப்பாக்கிகளை எதிர்த்துக் குதிரைகள் பாய்ந்து வென்ற கடைசிச் சில சண்டைகளில் அதுவும் ஒன்று.

போரும் ஜட்காவும் போன பிறகும் குதிரைக்கு ஒரு வேலை மிச்சமிருக்கிறது, அதைச் செய்ய இதுவரை எந்த மோட்டாரும் வரவில்லை. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் 1978இலிருந்து பாம்பு பிடித்து நஞ்சு எடுத்துத் தருகிறார்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் மருந்து நிறுவனங்களின் லாயங்களில் நிற்கும் குதிரைகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டி ஊசி மூலம் செலுத்தப்படுகிறது. பெரிய உடம்பு தாங்கிக்கொள்ளும்; சில வாரங்களில் அதன் ரத்தத்தில் நஞ்சை முறிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் உருவாகும். ரத்தம் எடுத்து, மஞ்சள் நிறத் தெளிநீரைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களைக் குதிரைக்கே திருப்பிச் செலுத்துகிறார்கள். தெளிநீரைச் சுத்திகரித்தால் பாம்புக்கடி மருந்து. மனித உடம்புக்கு அது வேற்றுப் புரதம் என்பதால் சிலருக்கு அரிப்பு, மூச்சுத் திணறல் வரலாம். அதனால்தான் மருந்து ஏறும்போது மருத்துவரும் செவிலியரும் கட்டிலை விட்டு நகர்வதில்லை.